விசிட் விசாவில் டுபாய் வேலையா? காசு கட்ட முதல் இதை வாசியுங்கள்

டுபாயில் கணக்கு வேலை, மாதம் நாலாயிரம் திர்ஹம், தங்குமிடம் இலவசம் என்று யாராவது கோல் எடுத்து, "முதல்ல விசிட் விசாவில போங்க, அங்க போனதும் மாத்தித் தருவம்" என்று சொன்னால் அந்தப் பேச்சை அதோடு நிறுத்திவிடுங்கள். நான் நாலரை லட்சம் ரூபாய் இழந்திருக்கிறேன். அம்மாவின் காப்பு இரண்டும் இன்னும் அடகில்தான் கிடக்கின்றன.

நான் வெளிநாட்டு வேலை தேடித் திரிந்தவள் இல்லை. கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முன்பு எங்கோ கொடுத்த விண்ணப்பம் ஒரு ஏஜென்சியின் கைக்குப் போயிருக்கிறது. ஒரு மத்தியானம் திடீரென்று கோல் வந்தது. வட்ஸ்அப்பில் நேர்முகம், கம்பனி முத்திரையோடு நியமனக் கடிதம், எல்லாமே மளமளவென்று நடந்தன. உடனே புறப்படாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று நெருக்கினார்கள். நாலு பேரிடம் விசாரிக்க நேரம் கிடைத்தால் அவர்களுடைய பிழைப்பு நடக்காது.

மருதானையில் அவர்களுடைய ஒபிஸ் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. காசாளரின் தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் தொங்கியது. அதைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். ஆனால் அதில் இருந்தது ஒரு கம்பனிப் பெயர், எனக்குத் தந்த பற்றுச்சீட்டில் இருந்தது இன்னொரு பெயர். அந்தச் சீட்டில் வேலை என்ற சொல்லே இல்லை, "ஆலோசனைக் கட்டணம்" என்றுதான் எழுதியிருந்தார்கள். மிச்சக் காசை ஒரு தனியாளின் வங்கிக் கணக்கில் போடச் சொன்னார்கள். இவ்வளவும் திட்டம் போட்டுச் செய்தது. பிறகு யாரிடம் போய்க் கேட்டாலும் அந்த ஏஜென்சி வேலைக்கென்று காசு வாங்கியதற்கு எழுத்தில் ஒன்றும் இருக்காது.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு வந்த குரல் பதிவை நான் அழிக்கவில்லை. "தங்கச்சி, எயார்போட்ல கேட்டா அக்காவைப் பாக்கப் போறன் எண்டு சொல்லுங்க. வேலை எண்டு வாயே திறக்கப்படாது. சேர்டிபிகேட் ஒண்டும் கைப்பையில வைக்காதீங்க."

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பணியகத்தில் பதிந்துவிட்டுத்தான் நாம் வெளிநாட்டு வேலைக்குப் போக வேண்டும். பதிந்து போனால் காப்புறுதி உண்டு, சம்பளம் வராவிட்டால் முறையிட ஒரு இடம் உண்டு. கட்டுநாயக்காவில் "சும்மா பாக்கப் போறன்" என்று சொல்லிக் கடந்தால் அந்தப் பாதுகாப்பு எதுவும் கூட வராது. ஏஜென்சிக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் பொய்யை நம் வாயில் வைக்கிறார்கள். விமான நிலையத்தில் வேலையை மறைக்கச் சொல்கிற ஏஜென்சியை ஒருபோதும் நம்பாதீர்கள்.

டுபாயில் இறங்கியதும் அவர்களுடைய ஆள் விசா மாற்ற வேண்டுமென்று பாஸ்போட்டை வாங்கிக்கொண்டார். அங்கே தேரா என்ற பகுதியில் ஒரு அறையில் விட்டார்கள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரும்புக் கட்டில்கள், ஒவ்வொன்றையும் சுற்றிப் பழைய சேலையில் மறைப்பு. பக்கத்துக் கட்டிலில் திருநெல்வேலி அக்கா ஒருவர் இருந்தார். என் நியமனக் கடிதத்தை வாங்கிப் பார்த்தவர், "என்னம்மா, இதுல மினிஸ்ட்ரி நம்பரே இல்லையே" என்றார். அங்கே பெரும்பாலான தனியார் கம்பனிகளின் வேலைக் கடிதம் அந்த நாட்டுத் தொழில் அமைச்சு வழியாக, இலக்கத்தோடு வரும். அந்த இலக்கத்தைப் போட்டு அமைச்சின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். கொழும்பில் இருந்துகொண்டே அதைச் செய்யலாம். கம்பனிக்கு நேரே கோல் எடுத்தேன். அப்படி ஒரு வேலைக்கு அவர்கள் ஆளே எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டாவது ஒப்பந்தம் வந்தது. ஷார்ஜாவில் வீடு துப்புரவாக்கும் வேலை, 1,200 திர்ஹம். கையெழுத்து வைக்காவிட்டால் திரும்பிப் போகிற டிக்கட்டை நீயே பார்த்துக்கொள் என்றார் அந்த ஆள். ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்று அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. பாஸ்போட்டைப் பிடித்து வைக்கவும் அங்கே அனுமதி இல்லை. ஆனால் விசிட் விசாவில் வேலை செய்து பிடிபட்டால் குற்றம் நம் தலையிலும் விழும், விசா முடிந்தால் நாளுக்கு 50 திர்ஹம் தண்டம். இந்தப் பயத்தை வைத்தே கையெழுத்து வாங்குகிறார்கள். நான் வைக்கவில்லை. இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போனேன். அவர்கள் பேசிய பிறகுதான் பாஸ்போட் கைக்கு வந்தது. டிக்கட்டுக்கு அண்ணா காசு அனுப்பினார்.

திரும்பி வந்து மருதானைக்குப் போனால், "நீங்களாத்தானே வந்தீங்க, ஆலோசனைக்குத்தானே காசு கட்டினீங்க" என்றார்கள். முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள்.

காசு கட்ட முதல் அனுமதிப்பத்திர இலக்கத்தைப் பணியகத்தின் இணையத்தளத்தில் தேடுங்கள். ஏஜென்சிக்கு அனுமதி இருந்தால் மட்டும் காணாது, அந்தக் குறிப்பிட்ட வேலைக்கும் பணியகத்தின் ஒப்புதல் இருக்க வேண்டும். பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்குக் கோல் எடுத்துக் கேட்கலாம். தாய்லாந்தில் கம்பியூட்டர் வேலை என்று கூப்பிட்டால் இன்னும் கவனம். அப்படிப் போன எங்கள் நாட்டுப் பிள்ளைகளை எல்லை தாண்டி மியன்மாரின் மியாவாடிக்குக் கொண்டுபோய் இணைய மோசடி முகாம்களில் அடைத்தது செய்திகளிலும் வந்தது.

என் முறைப்பாடு பத்தரமுல்லையில் பணியகத்தில் விசாரணையில் இருக்கிறது. இதே மாதிரி மருதானையில் "ஆலோசனைக் கட்டணம்" என்று பற்றுச்சீட்டு வாங்கியவர்கள் சீட்டையும் குரல் பதிவுகளையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு போய் முறைப்பாடு எழுதிக் கொடுங்கள். பலருடைய சீட்டில் ஒரே பெயர் இருந்தால் அவர்களால் மறுக்க முடியாது.