பிப்ரவரி 15, செப்டம்பர் 12: எந்த நாளை நினைப்பது?

1945 செப்டம்பர் 12 அன்று, சிங்கப்பூரில், இன்றைய தேசியக் கலைக்கூடத்தின் ஒரு பகுதியான நகராட்சிக் கட்டடத்தில், நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் முன்னிலையில் ஜப்பானியப் படை சரணடைந்தது. வெற்றி நாள்தான், ஆனாலும் நம் வீடுகளில் அது பேசப்படுவது குறைவு.

பிப்ரவரி 15 வேறு. 1942இல் புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யாமாஷிதாவிடம் சரணடைந்தார். அந்த நாளே இப்போது சிங்கப்பூரின் முழுமைத் தற்காப்பு தினம், மாலை 6.20க்கு எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கும். பீச் ரோட்டில் உள்ள பொதுமக்கள் போர் நினைவுச்சின்னமும் 1967இல் இதே தேதியில்தான் திறக்கப்பட்டது. அதில் தமிழிலும் பொறித்திருக்கிறார்கள், ஒருமுறை நின்று வாசியுங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்ல நான் பிப்ரவரியையே தேர்ந்தெடுப்பேன். தளபதிகளோடு நின்றுவிடாமல், மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் கதையையும் அன்றே சொல்லிவிடலாம்.