புளோரன்ஸ்: புருனெல்லெஸ்கி பாஸ் வாங்கலாமா?

புளோரன்ஸ் கதீட்ரல் வளாகத்தைச் சுற்றிப்பார்ப்பதற்கான கூட்டு நுழைவுச்சீட்டுதான் புருனெல்லெஸ்கி பாஸ். இரண்டு நாள் பயணத்துக்குத் தாராளமாக வாங்கலாம். கதீட்ரல் குவிமாடம், ஜொட்டோ மணிக்கூண்டு, ஞானஸ்நான மண்டபம், அருங்காட்சியகம் எல்லாம் இதில் அடக்கம். மூன்று நாள் செல்லும். விலை குறைந்த ஜொட்டோ பாஸில் குவிமாடம் கிடையாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

குவிமாடத்துக்கு நேரம் குறித்தே முன்பதிவு செய்ய வேண்டும். தாமதமானால் வாய்ப்பு போய்விடும். 463 படிகள், லிப்ட் இல்லை. குவிமாடத்தின் உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையே குறுகலான படிக்கட்டு. மூச்சுத்திணறல், இதயக் கோளாறு உள்ளவர்கள் தவிர்த்துவிடுங்கள். ஆனால் பாதி வழியில், ஓவியர் வசாரி தொடங்கிய 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்தை அத்தனை நெருக்கத்தில் பார்ப்பது, அடடா, கால்வலியே மறந்துபோகும்!

தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். பெரிய பைகளுக்கு அனுமதியில்லை. நகரின் புகழ்பெற்ற கலை அருங்காட்சியகங்களான உஃபிஸியும் அக்காதெமியாவும் திங்கட்கிழமை மூடியிருக்கும். குவிமாடத்தை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.