விகானில் "பாரம்பரிய இலோகானோ விருந்து" – 12,600 பெசோ போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

12,600 பெசோ. நம் ஊர்க் கணக்கில் பத்தொன்பதாயிரம் ரூபாய்க்குப் பக்கம். பிலிப்பைன்ஸின் வடக்கே, இலோகானோ மக்களின் ஊரான விகானில் ஒரு விருந்துக்காக ஆளுக்கு 1,800 வீதம் ஏழு பேர் போட்ட காசு. அதற்குக் கிடைத்தது ஆறிப்போன பன்றிக் கொழுப்பும், பூசணிக்காய்க் குழம்பும், மூன்று மாதத்தில் காலாவதியாகும் ஒரு வவுச்சரும்தான். கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மனிலாவில் வேலையிலோ படிப்பிலோ இருந்துகொண்டு லீவுக்கு விகான் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டு பஸ் ஏறுங்கள். மாட்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடைப் பெயரைப் போடவில்லை. இந்த நாட்டில் இணையத்தில் எழுதும் அவதூறுக்கு 2012 சைபர் குற்றச் சட்டத்தில் வழக்கே போடலாம். காசும் போய் கோர்ட்டுக்கும் அலைய எனக்குத் தெம்பில்லை. ஸ்பானியர் காலத்துக் கல் வீடு, மாடியில் சாப்பாட்டுக் கூடம், சிப்பி பதித்த ஜன்னல், சமூக வலைதளத்தில் அழகான படங்களோடு ஒரு பக்கம். அந்த ரகம். 1999லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற ஊர், அங்கே இந்த ரக வீடுகளுக்குப் பஞ்சமே இல்லை.

எங்கள் ஆபீஸில் வயதில் மூத்த இலோகானோக்காரர் ஒருவர் உண்டு. அண்ணன் முறைக்கு அவர்கள் சொல்கிற மாதிரி நாங்களும் மனோங் என்றுதான் கூப்பிடுவோம். மனிலாவில் எங்கே பினக்பெட் என்கிற காய்கறிக் கூட்டைச் சாப்பிட்டாலும், "இது எங்க ஊர் பினக்பெட் இல்லை" என்று தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். சரி, அவர் ஊர்ப் பக்கமே போய் ஒரு தடவை ஒழுங்காகச் சாப்பிடுவோம் என்று கிளம்பிய கூட்டம்தான் இது. என் தமிழ் நண்பன் ஒருவனும் வந்தான். முட்டை சாப்பிடுவான், கறியும் மீனும் தொட மாட்டான்.

அந்தக் கடையை நான் நம்பியது ஒரே ஒரு கேள்வியால்.

பக்கத்தை நடத்துகிற பெண்மணியிடம் மெனு கேட்டிருந்தேன். பட்டியலை அனுப்பிவிட்டு உடனே கேட்டார்: "பபாயிதான் எவ்வளவு கசப்பாக வேண்டும், சார்? டூரிஸ்டுக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றவா, எங்கள் வீட்டுக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றவா?" பபாயிதான் என்பது ஆட்டுக் குடல், ஈரல் எல்லாம் போட்டு, அதே ஆட்டின் பித்தநீரை ஊற்றிக் கசக்க வைக்கிற சூப். சமைத்துப் பழகிய கைதான் இந்தக் கேள்வியைக் கேட்கும் என்று நினைத்தேன். மனோங்கிடம் செய்தியைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வீட்டுக்கு ஊற்றுகிற மாதிரி" என்று பதில் அடிக்கச் சொன்னார்.

அதோடு விடவில்லை அந்தம்மா. பினக்பெட்டில் பூசணிக்காய் போட மாட்டோம், அது மனிலாப் பக்கத்துத் தகாலோக்காரர்கள் பழக்கம் என்றார். இறால் விழுதும் கிடையாது, நெத்திலியை உப்பில் ஊற வைத்துச் செய்கிற மீன் பகோங்தான் என்றார். கரண்டி போட்டுக் கிளறாமல் பானையைப் பிடித்துக் குலுக்கித்தான் வேகவைப்போம் என்றார். என் நண்பனுக்காக அகத்திப்பூவை லேசாக வெந்நீரில் போட்டெடுத்து, தக்காளியும் கரும்புக் காடியும் சேர்த்துத் தனித் தட்டு, கூடவே சுட்ட கத்தரிக்காயில் முட்டை உடைத்துச் செய்கிற போகி-போகி. அகத்திப்பூ என்றதும் அவனுக்கு அப்படி ஒரு குஷி.

அப்புறம் வந்தது காசுப் பேச்சு. நீண்ட வாரக்கடைசி, ஆடு முன்கூட்டியே சொல்லி வைக்கணும், அதனால் 12,600 முழுசும் முன்பணமாக வேண்டும். மொபைல் வாலட்டில் அனுப்பச் சொன்ன நம்பர் கடையின் பெயரில் இல்லை, யாரோ தனி ஆள் பெயரில் இருந்தது. "எங்கள் கேஷியர், சார்" என்றார். அனுப்பினேன். "நோட்டட் போ, சார்" என்று ஒரு சிவப்பு இதயம் வந்தது. ("போ" என்பது அவர்கள் பாஷையில் மரியாதைச் சொல்.)

விருந்துக்குப் போன இரவு நடந்தது இது. முற்றத்தை ஒட்டிய மேஜை எங்களுக்கு என்று சொல்லியிருந்தார்கள். அங்கே ஒரு டூரிஸ்ட் பஸ் கூட்டம் உட்கார்ந்து கேக் வெட்டிக்கொண்டிருந்தது. எங்களைப் படிக்கட்டுக்குப் பின்னால், காலி கேஸ் சிலிண்டர் வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஃபேன் கிடையாது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம், சாப்பாடு வரட்டும் என்று.

பக்னெட் வந்தது. பன்றி வயிற்றுக் கறியை வேகவைத்து, எண்ணெயில் பொரித்து, ஆறவைத்து, மறுபடி பொரிக்கிற சமாச்சாரம் அது. தோல் முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, கத்தி வைத்தால் சத்தம் கேட்கணும். எங்கள் தட்டில் வந்ததைக் கத்தியால் அழுத்தினால் தோல் ரப்பராக வளைந்தது. அடியில் வெள்ளையாகக் கொழுப்பு உறைந்து தட்டில் ஒட்டியிருந்தது. காலையிலோ முந்தின நாளோ பொரித்ததை மைக்ரோவேவில் காட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். தொட்டுக்கொள்ளத் தக்காளி, பகோங், சின்ன வெங்காயம் மூன்றும் சேர்த்து வைப்பதுதான் அந்த ஊர் முறை. எங்களுக்கு வந்தது பாக்கெட் கெட்சப்.

லோங்கனிசா சாசேஜ் சர்க்கரைப் பாகு மாதிரி இனித்தது. விகான் லோங்கனிசா பூண்டு தூக்கலாக, உப்பும் புளிப்புமாக இருக்கும். அந்த ஊரில் மார்க்கெட்டில் எந்தப் பாட்டியிடம் வாங்கினாலும் ஒழுங்கானது கிடைக்கும், இவர்கள் எங்கே போய் இனிப்பு ரகத்தைத் தேடிப் பிடித்தார்களோ! பன்றி முகக் கறியைச் சுட்டு நறுக்கிச் செய்கிற தினக்தக்கானில் பன்றி மூளைக்குப் பதில் மயோனைஸ். இப்போது பல கடைகளில் அப்படித்தான் செய்கிறார்கள், அதைத் தனிக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் "மூளை போட்டுத்தான் செய்வோம்" என்று எழுதி அனுப்பியவர்கள் இவர்கள்.

பினக்பெட்டைப் பார்த்ததும் மனோங் எதுவும் பேசவில்லை. பூசணிக்காய், கொழகொழவென்று, மஞ்சளாக. மேலே இறால் விழுது. இறாலுக்கும் மேலே பக்னெட் துண்டுகள். அதைத் தூக்கிக்கொண்டுபோய் நேராக என் நண்பன் முன்னால் வைத்து, "வெஜிடேரியன், சார்" என்றான் பையன். அகத்திப்பூ? "சீசன் இல்லை, சார்." போகி-போகி? "கத்தரிக்காய் தீர்ந்துவிட்டது, சார்." பினக்பெட்டில் கத்தரிக்காய் மிதந்துகொண்டிருந்தது! அவன் வெறும் சோற்றில் காடியை ஊற்றிச் சாப்பிட்டான்.

பபாயிதான் வரவே இல்லை. கேட்டதற்கு, "ஆடு வரவில்லை" என்று மாட்டெலும்பு சூப் கொண்டுவந்தார்கள். கசப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. முழுப் பணமும் முன்னாலேயே வேண்டும் என்றதற்குக் காரணமாகச் சொன்னதே அந்த ஆட்டைத்தானே?

மேலாளரைக் கூப்பிட்டோம். சிரித்த முகம் மாறாமல், "இது எங்கள் ஸ்டைல், சார்" என்றார். மெசேஜைக் காட்டினேன். "அந்த மனாங் (அக்கா) ஆன்லைன் மட்டும்தான் பார்ப்பார், கிச்சனுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை." அப்படியானால் அவருக்கு போன் போடுங்கள். "லீவில் இருக்கிறார்." உரிமையாளர்? "மனிலாவில் இருக்கிறார்." நாங்கள் மனிலாவிலிருந்து 400 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்திருக்கிறோம், அவர் அங்கே இருக்கிறாராம். இதற்கு நடுவில் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் என்று 1,260 பெசோவுக்கு ஒரு சீட்டை நீட்டினார்கள். அதை மட்டும் மனோங் கொடுக்க விடவில்லை. அவர்கள் பாஷையிலேயே தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார், சீட்டை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இலோகானோக்கள் காசில் கெட்டி என்று மற்ற பிலிப்பினோக்கள் கிண்டலடிப்பது வழக்கம். அந்தக் கெட்டித்தனம் அன்று 1,260ஐக் காப்பாற்றியது, 12,600ஐக் காப்பாற்ற முடியவில்லை.

வெளியே வந்து பிளாசா பூர்கோஸ் பக்கம் எம்பனாடா கடைகளில் நின்றுகொண்டே சாப்பிட்டோம். ஆரஞ்சு நிற அரிசி மாவுக்குள் துருவிய பச்சைப் பப்பாளியும் முட்டையும் வைத்து, கண்ணெதிரே எண்ணெயில் போட்டுச் சுடச்சுட எடுத்தார்கள். என் நண்பனுக்கு லோங்கனிசா வேண்டாம் என்று சொன்னதும், அந்தக் கடைக்கார அம்மா தனி வாணலியில் எண்ணெய் மாற்றிப் போட்டுக் கொடுத்தார். அவர் எங்களிடம் முன்பணம் எதுவும் கேட்கவில்லை.

மனிலா திரும்பியதும் கடையின் சமூக வலைதளப் பக்கத்தில் மெசேஜ் போட்டேன். "வெயிட் லாங் போ, சார்", கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். அப்புறம், "அக்கவுன்டிங்கில் பார்க்கிறோம்." அப்புறம், பணம் அனுப்பிய ரெஃபரன்ஸ் நம்பரை மறுபடி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினால், "சிஸ்டம் டவுன்." பக்கத்தில் படங்களோடு ரிவ்யூ போட்டதும் உடனே பதில் வந்தது. ரிவ்யூவை எடுத்தால் வவுச்சர் தருவார்களாம். எடுக்கவில்லை, இருந்தும் வவுச்சர் வந்தது: திங்கள் முதல் வியாழன் வரை, மதியம் மட்டும், குறைந்தது நான்கு பேர், மூன்று மாதத்துக்குள். மறுநாள் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். வாலட் கம்பெனியோ, "நீங்களே அனுமதித்து அனுப்பிய பணம், பெற்றவரிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்று முடித்துவிட்டது. பெற்றவர் யார் என்றே எனக்குத் தெரியாது, அதைத்தான் உங்களிடம் கேட்டேன் ஐயா!

இனி, சொல்வதாகச் சொன்ன யோசனைகள். நிறைய எழுத நினைத்திருந்தேன், தட்டத் தட்டக் கோபம்தான் வருகிறது. முழுப் பணமும் முன்னாலேயே கேட்டால் அந்த இடம் வேண்டாம். வாலட்டில் கடைப் பெயர் வராமல் தனி ஆள் பெயர் வந்தால் அனுப்பாதீர்கள். அதிகாரப்பூர்வ ரசீது கேட்டு வாங்குங்கள், எங்களுக்குக் கிடைத்தது ஆர்டர் எழுதுகிற துண்டுச் சீட்டு மட்டும். மெசேஜை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிளாக் செய்த பிறகு தேடாதீர்கள். சைவம் என்றால் எம்பனாடா கடைக்குப் போங்கள். அவ்வளவுதான்.

12,600 பெசோவை விடப் போவதில்லை. 1992 நுகர்வோர் சட்டத்தின் கீழ் வர்த்தகத் துறையில், டிடிஐ என்பார்களே, அங்கே ஸ்கிரீன்ஷாட்டுகளோடு புகார் கொடுத்தாயிற்று. முதலில் இரு தரப்பையும் கூப்பிட்டு சமரசம் பேசுவார்களாம். தேதி இன்னும் வரவில்லை. வந்ததும் கீழே எழுதுகிறேன். இதே மாதிரி கல் வீட்டுக் கடையில் முன்பணம் கட்டிவிட்டு இன்னும் கிளம்பாதவர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கே போன் செய்து, ஆடு வந்துவிட்டதா என்று கேளுங்கள்.