செக்-இன் பெட்டிக்குப் பூட்டு, சீல், ஏர்டேக்: ஒன்பது வருடப் பயன்பாட்டில் கண்டது

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பயணத்தில் என் செக்-இன் பெட்டியிலிருந்து கேமரா லென்ஸ் ஒன்று காணாமல் போனது. பெல்ட்டில் பெட்டி வந்தபோது பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. ஜிப்பில் ஒரு பிசிறுகூட இல்லை. வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, இரவில் துணிகளை எடுத்து அடுக்கும்போதுதான் லென்ஸ் உறை தட்டையாகக் கிடந்ததைப் பார்த்தேன். மறுநாள் விமான நிறுவனத்தைக் கூப்பிட்டபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே போவதற்கு முன் ஏன் சொல்லவில்லை?" என்னிடம் பதில் இல்லை. இழப்பீடும் கிடைக்கவில்லை.

பூட்டைத் தொடாமல் எப்படி எடுத்தார்கள் என்பது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அதே மாதிரி ஒரு பழைய பெட்டியைப் பூட்டி வைத்துச் சோதித்துப் பார்த்தேன். பால்பாயிண்ட் பேனாவின் முனையை ஜிப்பின் இரண்டு பல்வரிசைக்கும் நடுவில் வைத்து அழுத்தினேன். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது தடவை பொட்டென்று உள்ளே இறங்கியது. பேனாவை அப்படியே இழுத்துக்கொண்டு போக, ஜிப் நெடுகப் பிளந்தது, கை தாராளமாக உள்ளே போனது. பிறகு பூட்டோடு சேர்ந்திருந்த இரண்டு ரன்னரையும் (ஜிப்பை இழுத்து மூடும் துண்டு) ஒன்றாகப் பிடித்துப் பெட்டியைச் சுற்றி ஒரு முறை ஓட்டினேன். பிளந்த இடம் மூடிக்கொண்டது. தடயமே இல்லை. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது.

அன்றிலிருந்து பூட்டை நான் பார்க்கும் விதம் மாறிவிட்டது. ஜிப் பெட்டிதான் உங்களிடம் இருக்கிறது என்றால் ஒன்று செய்யுங்கள்: ரன்னர் இரண்டையும் ஒன்றோடொன்று பூட்டுவதோடு விடாமல், பெட்டியின் கைப்பிடி வளையத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள். உடலோடு பதிந்த பூட்டுள்ள பெட்டிகளில் இது தானாகவே நடந்துவிடும். பேனாவால் பிளப்பதை இது தடுக்காது. ஆனால் ரன்னர் நகராததால் பிளந்ததைத் திரும்ப மூட முடியாது. திறந்தார்கள் என்றால் உங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

டி.எஸ்.ஏ. (அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு) பூட்டு பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 2003-இல் வந்த ஏற்பாடு அது. அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனையாளர்கள் பூட்டை உடைக்காமல் பொதுச் சாவியால் திறக்கலாம். சிவப்பு வைரக் குறி போட்டிருக்கும், அடியில் 002, 007 என்று சாவி எண் இருக்கும். அந்தப் பொதுச் சாவிகளின் படம் 2014-இல் ஒரு நாளிதழில் வெளியாகி, 2015-இல் அவற்றை முப்பரிமாண அச்சில் வார்த்துக்கொள்ளும் கோப்புகளே இணையத்தில் பரவிவிட்டன. ஆகவே அது திருடனைத் தடுக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். அமெரிக்கா வழியாகப் போகும்போது பூட்டை வெட்டி எறியாமல் இருக்க உதவும், அந்த அளவில் நல்ல பொருள். என்னுடையது ஆறு வருடம் உழைத்தது.

பிளாஸ்டிக் தாள் சுற்றுவதை மூன்று பயணத்தில் செய்துவிட்டு விட்டுவிட்டேன். சோதனைக்கு அறுத்தார்களா, திருட அறுத்தார்களா என்று சொல்லவே முடியவில்லை.

ஐந்தாவது வருடம் ஜிப்பே இல்லாத பெட்டிக்கு மாறினேன். பாலிகார்பனேட் உடல், அலுமினியச் சட்டம், பக்கவாட்டில் இரண்டு கொக்கி. இதற்காகச் செலவழித்ததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. பேனா இறங்க இடமே கிடையாது. நெம்பினால் சட்டம் வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். குறையும் உண்டு: ஜிப் பெட்டியைவிடக் கனம் அதிகம், ஒரு சட்டையைக் கூடுதலாக அமுக்கித் திணிக்க முடியாது. வாங்கிய மூன்றாவது வருடத்தில் ஒரு மூலையில் அடிபட்டுச் சட்டம் லேசாக நெளிந்தது. அதிலிருந்து இடது கொக்கியை அழுத்திப் பிடித்துத்தான் பூட்ட வேண்டியிருக்கிறது.

ஆனால் இத்தனை வருடத்தில் எனக்கு அதிகம் பயன்பட்டது எது என்றால், எண் அச்சடித்த பிளாஸ்டிக் சீல்தான். சரக்கு லாரிக் கதவில் இழுத்து மாட்டியிருப்பார்களே, அந்த வகை. ஒரு முறை இழுத்தால் வெட்டாமல் கழற்ற முடியாது. அதே எண்ணில் இன்னொன்று கையில் இருந்தாலொழிய மாற்றி மாட்டவும் முடியாது. கவுண்டரில் பெட்டியைக் கொடுப்பதற்கு முன் மூன்று படம் எடுத்துக்கொள்வேன்: திறந்த பெட்டி, சீல் எண், தராசு காட்டும் எடை. பெல்ட்டில் எடுத்ததும் முதலில் சீல் எண்ணைப் படத்தோடு ஒப்பிடுவேன். மாறியிருந்தால் அங்கேயே ஓரமாக உட்கார்ந்து பெட்டியைத் திறந்துவிடுவேன். பின்னால் நிற்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பார்ப்பதில்லை.

ஏன் அங்கேயே என்றால், பன்னாட்டு விமானப் பயணத்துக்கான 1999 மான்ட்ரியல் ஒப்பந்தம் அப்படித்தான் சொல்கிறது. புகார் சொல்லாமல் பெட்டியை வாங்கிக்கொண்டால், நல்ல நிலையில் கொடுத்ததாகவே முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு நம் தலையில் விழும். சேதப் புகாரை எழுத்தில் கொடுக்க 7 நாள் இருக்கிறது, உண்மைதான். ஆனால் பெட்டி எடுக்கும் கூடத்தை விட்டு வெளியேறுமுன் பி.ஐ.ஆர். படிவம் (பெட்டி குறித்த புகாரை விமான நிறுவனம் பதியும் படிவம்) போட்டவரின் புகாருக்கு உள்ள வலு, வீட்டிலிருந்து எழுதும் கடிதத்துக்குக் கிடையாது. இழப்பீட்டுக்கு உச்சவரம்பும் உண்டு. 28 டிசம்பர் 2024 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்., அதாவது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகில். நகை, பணம், மின்னணுச் சாதனம் ஆகியவற்றுக்குப் பொறுப்பில்லை என்று பல நிறுவனங்கள் தங்கள் பயண நிபந்தனையிலேயே எழுதி வைத்திருக்கின்றன. தயவுசெய்து அவற்றைக் கைப்பையில் வையுங்கள். லென்ஸ், மருந்து, சாவி, ஹார்ட் டிஸ்க் எதுவும் இப்போது என் செக்-இன் பெட்டிக்குள் போவதில்லை.

ஏர்டேக், அதாவது தான் இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் ஆப்பிளின் சின்னக் கருவி, நான்கு வருடமாக உள்ளே கிடக்கிறது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு பொருளை எடுத்தால் அதற்குத் தெரியாது. பெட்டியே வேறெங்கோ போனால்தான் அதன் அருமை புரியும். ஒரு முறை பெல்ட் சுற்றி நின்றபிறகும் என் பெட்டி வரவில்லை. போனில் பார்த்தால் மாறி ஏறிய விமான நிலையத்திலேயே நின்றுகொண்டிருந்தது. கவுண்டரில் காட்டியதும் தேடும் வேலை மிச்சம், மறுநாளே வந்து சேர்ந்தது. 2024 கடைசியிலிருந்து அந்த இருப்பிடத்தை இணைப்பாக விமான நிறுவனத்துக்கே அனுப்பும் வசதியும் வந்திருக்கிறது. சி.ஆர். 2032 பேட்டரி ஏறக்குறைய ஒரு வருடம் வரும். குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய பேட்டரி சிலவற்றில் ஏர்டேக் வேலை செய்யாது, பார்த்து வாங்குங்கள்.

பழைய டேக், பார்கோடு ஒட்டுகளை ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் உரித்துவிடுங்கள். அவை கிடந்தால் இயந்திரம் பெட்டியைத் தவறான பக்கம் தள்ளிவிடக்கூடும்.

போன மாதம் பெல்ட்டில் என் பெட்டி வந்தபோது சீல் இல்லை. ஓரமாக உட்கார்ந்து திறந்தேன். மேல் சட்டையின் மீது, பாதுகாப்புச் சோதனைக்காகத் திறந்தோம் என்று அச்சடித்த தாள் ஒன்று இருந்தது. படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டு, அடுத்த விமானத்துக்காக வெளிப்பையிலிருந்த புதுச் சீலை எடுத்து மாட்டினேன்.