ஐடி வேலையோடு ஃபைனான்ஸ்: எம்பிஏவா, சிஎஃப்ஏவா, எஃப்ஆர்எம்மா, என்ஐஎஸ்எம்மா?

ஐடி வேலையில் இருந்துகொண்டே ஃபைனான்ஸ் படித்தால் பயன் உண்டா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இப்போது எந்த புராஜெக்டில் இருக்கிறீர்கள்? வங்கி, பங்குச்சந்தை, காப்பீடு என்றால் நிச்சயம் பயன் உண்டு. மருத்துவமனை மென்பொருளோ மொபைல் கேமோ செய்பவர், துறை மாறும் எண்ணம் இல்லாதவரை, அந்த நேரத்தைத் தொழில்நுட்பத்திலேயே செலவிடலாம்.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். ஒரு கோடி ரூபாய், 7.2 சதவீத வட்டி, ஒரு வருடம். நாள் கணக்கை 365ஆல் வகுத்தால் வட்டி 7,20,000. டாலர் கடன்களில் பெரும்பாலும் 360ஆல்தான் வகுப்பார்கள். அதே 365 நாளுக்கு வட்டி 7,30,000 ஆகிவிடும். புரோகிராமில் மாறுவது ஒரே ஒரு எண். தப்பான எண்ணைப் போட்டாலும் எரர் வராது, புரோகிராம் நன்றாகவே ஓடும். பணம் மட்டும் பத்தாயிரம் இடிக்கும். இதை டெஸ்டிங்கில் பிடிப்பவருக்குத்தான் கிளையன்ட் பக்கம் மதிப்பு.

இன்னொன்று, செட்டில்மென்ட், அதாவது வாங்கி விற்ற பங்கும் பணமும் கைமாறுவது. இந்தியப் பங்குச்சந்தை 2023 ஜனவரி 27 அன்று முழுமையாக டி+1 முறைக்கு (டிரேட் நடந்த அடுத்த வேலைநாளே செட்டில்மென்ட்) வந்தது. அமெரிக்கா 2024 மே 28 அன்று வந்தது. அங்கே நிறுவன முதலீட்டாளர்களின் டிரேடை அன்றே இரவு 9 மணிக்குள் உறுதிப்படுத்த வேண்டும் என்று கெடு வைத்தார்கள். நியூயார்க்கின் கோடைக்கால நேரப்படி நமக்கு அது மறுநாள் காலை 6.30. சென்னையில் உட்கார்ந்து அந்த சிஸ்டத்தைப் பார்ப்பவருக்கு, இரவில் மொத்தமாக ஓடும் பேட்ச் வேலை ஏன் முன்கூட்டியே முடிய வேண்டும் என்பது இது தெரிந்தால்தான் புரியும்.

சரி, எதைப் படிப்பது? பலரும் முதலில் நினைப்பது எம்பிஏ. முழுநேரமாகப் படித்தால் இரண்டு வருடச் சம்பளம் போகும். ஐஐஎம் போன்ற இடங்களில் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டும். கோடிங்கை விட்டுவிட்டு நிர்வாகம், ஆலோசனைப் பக்கம் போக உறுதியாக இருப்பவருக்கு அது நியாயமான செலவு. பெயருக்கு ஒரு தொலைதூர எம்பிஏ வாங்கிவைப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. சிஏவுக்கு ஆர்ட்டிகிள்ஷிப் எனும் பணிப் பயிற்சியே முழுநேரம் இரண்டு வருடம் என்பதால் வேலையில் இருப்பவருக்கு ஒத்துவராது.

முதலீட்டு ஆய்வுக்கான சான்றிதழான சிஎஃப்ஏவுக்கு மதிப்பு அதிகம், உழைப்பும் அதிகம். மூன்று நிலைத் தேர்வுகள், அதோடு 4,000 மணி நேர வேலை அனுபவம். அந்த அனுபவம் முதலீட்டு முடிவுகளோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். சர்வரைப் பராமரித்த வருடங்கள் தானாகக் கணக்கில் வராது. ஃபண்ட் மேலாண்மைக்கோ ஆய்வுக்கோ போக விரும்புபவருக்கு இது சரி. ஐடியிலேயே தொடரப்போகிறவருக்கு மூன்று நிலையும் தேவையில்லை என்பது என் கருத்து.

கணக்கில் ஆர்வமுள்ள புரோகிராமருக்கு எஃப்ஆர்எம் எனும் நிதி ரிஸ்க் மேலாண்மைச் சான்றிதழ் அழகாகப் பொருந்தும். இரண்டே பகுதி. முதல் பகுதியில் 100 கேள்விகள். புள்ளியியல், ரிஸ்க் மாடல்கள், நிதிச் சந்தை முதலீடுகள் எல்லாம் வரும். பைத்தானில் டேட்டா வேலை செய்பவருக்கு இதில் பாதி வழி ஏற்கெனவே பழக்கம். வங்கிகளின் ரிஸ்க் பிரிவுக்கு கோடிங், ரிஸ்க் இரண்டும் தெரிந்த ஆள் தேவை, அப்படிப்பட்டவர்கள் குறைவு.

ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு என் முதல் தேர்வு என்ஐஎஸ்எம். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2006இல் உருவாக்கிய நிறுவனம் இது; பங்குச்சந்தை வேலைகளுக்கான சான்றிதழ்த் தேர்வுகளை நடத்துகிறது. பெரும்பாலான தேர்வுகளுக்குக் கட்டணம் 1,500 ரூபாய் அளவில்தான் இருக்கும். அதில் ஏழாவது வரிசைத் தேர்வு, ஒரு டிரேட் ஆர்டராகப் பிறந்து செட்டில்மென்ட் ஆகும் வரையான பாதையைக் கற்றுத்தருகிறது. சான்றிதழ் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். பாடம் அப்படியே மனசில் நிற்கும். ஃபைனான்ஸ் நமக்குப் பிடிக்கிறதா என்பதை லட்சங்களைச் செலவழிக்காமல் தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

ஃபைனான்ஸ் வேண்டாம் என்பவர்கள் பக்கமும் வலுவான நியாயம் இருக்கிறது. கிளவுட், டேட்டா, செக்யூரிட்டி போன்ற திறமைகள் எந்தத் துறைக்கும் கூடவே வரும். வங்கி அறிவு வங்கியோடு கட்டுண்டது. 2008 செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் விழுந்தபோது, வங்கிப் பணத்தை நம்பியிருந்த ஐடி வேலைகளும் ஆட்டம் கண்டன. அதனால் முதல் இரண்டு, மூன்று வருடம் தொழில்நுட்பத்தில் காலூன்றுங்கள். அதற்குமுன் ஃபைனான்ஸ் பக்கம் போனால் இரண்டிலும் அரைகுறையாகிவிடும் ஆபத்து உண்டு.

அப்புறம் ஒரு விஷயம். தேர்வுக்குப் பணம் கட்டும் முன் அலுவலகத்தில் கேளுங்கள்; சில நிறுவனங்கள் கட்டணத்தைத் திருப்பித் தருகின்றன. கூடவே, பிசினஸ் அனலிஸ்ட் கிளையன்டின் தேவைகளைக் கேட்டு எழுதும் ரிக்வயர்மென்ட் கூட்டங்களில் உட்கார அனுமதி கேளுங்கள். பிசினஸ் அனலிஸ்ட் வேலைக்கான நேர்காணலில் ஒரு டிரேட் செட்டில் ஆகாமல் நின்றால் என்னென்ன நடக்கும் என்று கேட்பார்கள். அதற்குத் தயங்காமல் பதில் சொல்ல வைப்பது அந்தக் கூட்டங்களும் படிப்பும் சேர்ந்துதான்.