கோவையில் கடல் சாமான் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: 316 என்று சொல்லி 202 கொடுத்தார்கள்

படகோ, கடலோரத்தில் வீடோ, இறால் பண்ணையோ வைத்துக்கொண்டு, அதற்கான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலையைக் கோவைப் பக்கம் கொடுக்க நினைக்கிறவர்கள் இதை முழுதாகப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எங்கள் பாய்மரப் படகின் மாஸ்ட்டை, அதாவது பாய் கட்டும் கம்பத்தைத் தாங்கும் தகடுகளுக்கு, கடல் உப்பைத் தாக்குப்பிடிக்கிற 316 எல் கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று விலை பேசி, லெட்டர்பேடில் அப்படியே கொட்டேஷனும் கொடுத்து, அதற்கான பணத்தையும் வாங்கிக்கொண்டு, மலிவான 202 கிரேடில் செய்து கொடுத்துவிட்டார்கள். அது தெரியவந்த இடம் கோழிக்கோட்டை அடுத்த பேப்பூருக்கு மேற்கே, கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில்.

பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, முடியும்வரை பொதுவில் பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பெயர் இல்லாவிட்டாலும் அவர்கள் ஏமாற்றிய விதம் தெரிந்தால் போதும், உங்கள் பட்டறைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்று புரிந்துவிடும்.

நாங்கள் கோபி பக்கம். வீட்டுக்காரர் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தவர். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் அத்தனை வருசம் எங்கள் குடும்பம் ஓடியது. மகள் கல்யாணமாகிப் போன பிறகு, கொச்சியில் ஒருவர் விற்ற 33 அடி ஃபைபர் படகை வாங்கினோம். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து அக்டோபரில் ஏறினால் மே மாதம்வரை படகுதான் வீடு. கோழிக்கோடு, கண்ணூர், மங்களூர், மால்பே, கார்வார், கோவா என்று கரையை ஒட்டியே மேலே போவோம், மழைக்கு முன் இறங்கிவிடுவோம். மழை மாதங்களில் படகு கொச்சியில் கட்டிக் கிடக்கும், நாங்கள் தோட்டத்தில் இருப்போம்.

நல்ல வாழ்க்கை அது. விடியற்காலையில் கரையிலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று வரும், அதில் கிளம்பினால் பத்து மணிவரை சத்தமே இல்லாமல் போகலாம். பகலேற ஏறக் காற்று சுற்றி, மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து அடிக்கும். மதியச் சாப்பாடு பெரும்பாலும் அரிசிம்பருப்பு சாதம். ஒரே குக்கரில் முடியும், தண்ணீரும் கேஸும் மிச்சம். ஆற்று முகத்துவாரங்களில் நங்கூரம் போடும் இரவுகளில் கரூர் கொசுவலை இல்லாமல் தூங்க முடியாது. இரவு ஓட்டம் மட்டும் எனக்குப் பிடிக்காது. வலைகளின் மிதவையில் சிறிய விளக்குதான் மினுக்கும், அது தெரிவதற்குள் பக்கத்தில் போய்விடுவோம். மற்றபடி இந்த வயதில் இருவரும் சேர்ந்து ஒரு வேலையைப் புதிதாகக் கற்றுக்கொண்டு அதிலேயே வாழ்வது பெரிய கொடுப்பினை. அதில் மண்ணைப் போட்டவர்கள் மேல்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

படகு தெரியாதவர்களுக்காக ஒன்றை விளக்க வேண்டும். எங்களைப் போன்ற படகில் மாஸ்ட் தானாக நிற்காது. முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் கம்பி வடங்கள் இழுத்துப் பிடித்திருக்கும். பக்கவாட்டு வடங்கள் வந்து முடியும் இடத்தில், படகின் உடம்போடு போல்ட் போட்ட தடித்த பட்டைத் தகடு இருக்கும். அதன் பெயர் செயின்பிளேட். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துத் தகடுதான் பாயின் இழுவையையெல்லாம் தாங்குகிறது. அது அறுந்தால் மாஸ்ட் விழும். தனி ஆளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் 2018 கோல்டன் குளோப் ரேஸில் புயலில் சிக்கி மாஸ்ட்டை இழந்த கமாண்டர் அபிலாஷ் டாமி, முதுகில் அடிபட்டு அசைய முடியாமல் இந்தியப் பெருங்கடலில் கிடந்தார். பல நாடுகள் சேர்ந்துதான் அவரை மீட்டன. அவருடையது புயல். எங்களுக்கு வெறும் மதியக் காற்றிலேயே அந்த நிலைமை வந்திருக்கும்.

பழைய தகடுகள் வயதானவை, மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். கொச்சியிலிருந்து கோவை 190 கிலோமீட்டர்தான். பம்ப்பும் மோட்டாரும் ஃபவுண்டரியும் லேத்துமாக இருக்கிற ஊர், நம்ம ஊர். அங்கே நடக்காத இரும்பு வேலையா? பால் பண்ணைக்கும் ஹோட்டல் கிச்சனுக்கும் எஸ்.எஸ். வேலை செய்துகொடுக்கும் ஒரு பட்டறையைத் தெரிந்தவர்கள் காட்டினார்கள். பழைய தகட்டைக் கையில் கொண்டுபோய்க் காட்டி, 8 எம்.எம். கனம், 316 எல், போல்ட்டும் அதே கிரேடு, கடல் தண்ணீரில் இருக்கப் போகிறது என்று எழுதியே கொடுத்தோம். விலை மற்ற கிரேடைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஒத்துக்கொண்டோம். மெட்டீரியல் சர்டிஃபிகேட் கேட்டதற்குப் பட்டறைக்காரர் ஒரு ஜெராக்ஸ் தந்தார். எந்த உருக்கில் வந்த ஸ்டீல் என்று காட்டும் ஹீட் நம்பர் தகட்டில் பஞ்ச் இல்லையே என்றதற்கு, "வெட்டும்போது அந்தத் துண்டுல போயிருச்சுங்ணா" என்றார்.

டெலிவரி எடுக்கும்போது அவரே மேஜையிலிருந்து காந்தத்தை எடுத்துத் தகட்டின் மேல் வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. "பாருங்கக்கா, அசல் 316. காந்தம் வழுக்கிட்டு ஓடுது பாருங்க" என்றார்.

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். காந்தம் ஒட்டாததால் அது 316 ஆகிவிடாது. 202, 304, 316 மூன்றும் ஒரே குடும்பம், எதிலும் காந்தம் சரியாக ஒட்டாது. வளைத்த, அடித்த இடத்தில் லேசாக இழுக்கும், அவ்வளவுதான். வித்தியாசம் உள்ளே கலந்திருப்பதில் இருக்கிறது. 316-ல் நிக்கல் 10 சதவீதத்துக்கு மேல், அதோடு மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம். உப்பைத் தாக்குப்பிடிக்க வைப்பது அந்த மாலிப்டினம்தான். 304-ல் நிக்கல் 8-க்கு மேல் இருக்கும், மாலிப்டினம் கிடையாது. 202-ல் விலை கூடின நிக்கலை 4 முதல் 6 சதவீதமாகக் குறைத்து, அந்த இடத்தை மாங்கனீஸ் போட்டு நிரப்பியிருப்பார்கள். பாலிஷ் போட்டு வைத்தால் மூன்றும் ஒரே மாதிரி மின்னும். காந்தத்தைக் காட்டி நம்ப வைக்கிறவரிடம் உடனே உஷாராகிவிடுங்கள்.

முதல் சீசன் சும்மா போனது. இரண்டாவது சீசனில் கொச்சியிலிருந்து வடக்கே போகும்போது, மதியக் காற்று வலது பக்கமிருந்து அடிக்க, கடலுக்குள் விலகி ஓடிக்கொண்டிருந்தோம். கீழே கேபினில் வெங்காயம் எடுக்க அலமாரியைத் திறந்தேன். வலது செயின்பிளேட் டெக்கை, அதாவது படகின் மேல்தளத்தைத் துளைத்து உள்ளே இறங்கும் இடம் அங்கேதான். காபி டிக்காஷன் நிறத்தில் ஒரு கோடு தகட்டின் வழியாக வழிந்து காய்ந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், டெக்கை ஒட்டிக் குறுக்கே தலைமுடி மாதிரி ஒரு விரிசல். படகு அலையில் ஏறி இறங்கும்போது அந்த விரிசல் திறந்து மூடியது. கண்ணால் பார்த்தேன்.

"ஏனுங்க, படகைத் திருப்புங்க, வலது பக்கம் அறுகுது" என்று கத்தினேன். என்ன ஏது என்று கேட்காமல் உடனே சுக்கானைத் திருப்பினார். காற்று இடது பக்கத்துக்கு மாறி, வலது வடம் தொய்ந்தது. நல்லவேளை, அப்படித் திருப்பினால் படகு போகும் திசை கரைப் பக்கம். பாயை இறக்கினோம். பாய் ஏற்றும் கயிறு ஒன்று சும்மா இருந்தது, அதை வலது ஓரத்தில் கட்டி இறுக்கி மாஸ்ட்டுக்குத் துணை கொடுத்துவிட்டு, எஞ்சினைப் போட்டுப் பேப்பூர் முகத்துவாரத்துக்குள் நுழைந்தோம். உள்ளே வரும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேப்பூர் உரு என்னும் மரக் கப்பல் கட்டுகிற ஊர். பெரிய மரக் கப்பல்களைக் கயிறும் கப்பியும் வைத்தே நகர்த்தும் கலாசிகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் பெரியவர் ஒருவர் வந்து போல்ட்டைக் கழற்றித் தகட்டை வெளியே எடுக்க உதவினார். வெளியே தெரிந்த பகுதி பளபளவென்று இருந்தது. டெக்குக்குள், தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலண்ட்டோடு மறைந்திருந்த இரண்டு விரல் அகலத்தில் மட்டும் குழி குழியாக அரித்திருந்தது. எஸ்.எஸ். துருப்பிடிக்காமல் இருப்பது மேலே படிகிற குரோமியம் ஆக்சைடு படலத்தால். அந்தப் படலம் கீறினால் திரும்ப உருவாக ஆக்சிஜன் வேண்டும். காற்று புகாத இடுக்கில் உப்புத் தண்ணீர் தேங்கினால் அது நடக்காது. அந்த இடத்தில் 316-ம் காலத்துக்கும் நிற்காதுதான், வருசா வருசம் பார்க்க வேண்டும். ஆனால் இரண்டாவது சீசனில் விரியாது.

பெரியவர் போல்ட் தலைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, மார்க் எங்கே என்று கேட்டார். 316 போல்ட் என்றால் தலையில் ஏ4 என்றும், 304 என்றால் ஏ2 என்றும் பொறித்திருக்கும். எங்களுடையதில் தலையை நன்றாகத் தேய்த்து பாலிஷ் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கூடுதல் அழகுக்குச் செய்ததாக டெலிவரியின்போது சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தெரியாமல் நடந்த தப்பு என்று இதை எப்படி நம்புவது? பொறித்த எழுத்தை வேலை மெனக்கெட்டுத் தேய்த்து அழித்திருக்கிறார்கள்.

தகட்டைக் கோவையிலேயே என்.ஏ.பி.எல். அங்கீகாரமுள்ள லேப் ஒன்றில், எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ டெஸ்ட்டுக்குக் கொடுத்தோம். நிக்கல் 4-க்குச் சற்று மேலே, மாங்கனீஸ் 9-ஐ ஒட்டி, மாலிப்டினம் பேருக்குக்கூட இல்லை. சுத்தமான 202. அந்த சர்டிஃபிகேட் ஜெராக்ஸில் இருந்த ஹீட் நம்பரை ஸ்டீல் டீலர் ஒருவர் மூலம் விசாரித்ததில், அந்த நம்பரில் வந்தது தகடே இல்லை, பைப்.

ரிப்போர்ட்டோடு பட்டறைக்குப் போனோம். முதலில், "எஸ்.எஸ். எல்லாம் ஒண்ணுதானுங்க, நாங்க செஞ்ச பால் டேங்க் இன்னும் கண்ணாடி மாதிரி இருக்குது" என்றார். அப்புறம், "உப்புத் தண்ணியில போட்டா எதுதானுங்க நிக்கும்" என்றார். 316 என்று எழுதிய அவருடைய கொட்டேஷனையே எடுத்துக் காட்டியதும் குரல் மாறிவிட்டது. "அண்ணனப் பேசச் சொல்லுங்கக்கா, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது" என்றார். விரிசலைக் கண்டுபிடித்தவள் நான். கடைசியில் பாலிஷ் போட்டு இலவசமாகத் தருவதாகச் சொன்னார். மாஸ்ட் சரிந்து ஆள் செத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது பாலிஷ்.

எங்கள் வக்கீல் அனுப்பிய நோட்டீஸுக்கு வந்த பதிலில், பில்லில் 'எஸ்.எஸ். ஜாப் வொர்க்' என்றுதான் இருக்கிறது, கிரேடு எழுதவில்லை என்று வாதாடுகிறார்கள். லெட்டர்பேடு கொட்டேஷனும் வாட்ஸ்அப்பில் அவரே எழுதிய மெசேஜும் எங்களைக் காப்பாற்றுகின்றன. வேலை கொடுக்கும்போது கிரேடு, கனம், ஹீட் நம்பர் மூன்றையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், தராவிட்டால் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பா பையன் எப்போதும் மாலிப்டினம் டெஸ்ட் லிக்விட் ஒரு பாட்டில் வைத்திருக்கிறான். ஒரு சொட்டு விட்டு, சின்ன பேட்டரியைத் தொட்டால் நிறத்தை வைத்து மாலிப்டினம் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். சாய உப்பில் ஓடுகிற மெஷினுக்கும் 316 வேண்டும் என்பதால் அவர்களுக்கு இது அன்றாடம். உயிர் தொங்குகிற சாமான் என்றால் அதோடு நிறுத்தாமல் லேபுக்கும் கொடுங்கள். எங்களுக்கு ஆன செலவில் லேப் கட்டணம்தான் ரொம்பக் குறைவு.

இதே மாதிரி ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை. பிரச்சினை நடந்து 2 வருசத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. முதலில் விவரம் கேட்கத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடலாம். லேபுக்குக் கொடுக்கும்போது முழுத் தகட்டையும் கொடுத்துவிடாதீர்கள், ஒரு துண்டைக் கையில் வைத்திருங்கள். எதிர்த்தரப்பு மறு டெஸ்ட் கேட்டால் அது வேண்டும்.

இரண்டு வருசத்துக்குள் கோவைப் பக்கம் செயின்பிளேட்டோ, நங்கூர ரோலரோ, டெக் ரெயிலோ செய்து போட்டிருக்கும் படகுக்காரர்கள், மீன்பிடிப் படகு வைத்திருப்பவர்களும் சேர்த்துத்தான், வெளியே தெரியும் பளபளப்பைப் பார்க்காதீர்கள். போல்ட் தலையில் ஏ4 இருக்கிறதா என்று பாருங்கள். தேய்த்து மொழுமொழுவென்று இருந்தால், அக்டோபரில் தண்ணீரில் இறங்குவதற்கு முன் ஒரு தகட்டையாவது முழுதாகக் கழற்றி, டெக்குக்குள் மறைந்திருக்கும் பகுதியைத் துடைத்துப் பாருங்கள்.