தேக்காவா, கம்போங் கிளாமா?

சிங்கப்பூருக்கு வரும் உறவினருக்கு அரைநாள் மட்டுமே கிடைக்குமாயின், லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவையே முதலில் காட்டுவேன். மீனும் இறைச்சியும் காய்கறியும் விற்கும், காலையில் களைகட்டும் ஈரச்சந்தை, 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம், சிராங்கூன் சாலையின் வீரமாகாளியம்மன் கோயில், நகையும் பயணப்பெட்டியும் மளிகையும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும் முஸ்தபா பேரங்காடி என அனைத்தும் நடைதூரத்தில் உள்ளன. ஞாயிறு மாலையில் வெளிநாட்டு ஊழியர்கள் கூடுவதால் நெரிசல் மிகும், அதுவும் காணத்தக்கதே.

மலாய் முஸ்லிம் மரபு வட்டாரமான கம்போங் கிளாமின் சிறப்பு 1932இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் பள்ளிவாசல். அதன் பொன்னிறக் குவிமாடங்களின் அடியில், ஏழை மக்கள் நன்கொடையாக அளித்த கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பகுதிகள் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. அராப் ஸ்திரீட்டில் துணி வாங்கலாம். ஹாஜி லேன் படமெடுப்பதற்கே ஏற்றது.

இரண்டையும் காண விரும்புவோருக்கு, டௌன்டவுன் ரயில்பாதையில் தேக்காவுக்கான லிட்டில் இந்தியா நிலையத்துக்கும் கம்போங் கிளாமுக்கு அருகிலுள்ள பூகிஸ் நிலையத்துக்கும் இடையே ரோச்சோர் என்னும் ஒரே நிலையந்தான் உள்ளது.